சோறு என்று தெரிவதற்கு முன்

ஒருவர் மேல் சோற்றை எறிகிறவருக்குத் தன் கையில் இருப்பது சோறுதான் என்று தெரியும். எறியப்படுகிறவருக்கு அது எப்போது தெரியவரும்?

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், வெயில் தணியாத ஒரு பிற்பகலில், இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என் கண்ணெதிரே ஒரு சட்டமன்ற உறுப்பினர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையிலிருந்து மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்ற பெண் காவலர் ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அலறினார். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்:

"ஆசிட்! ஐயோ, ஆசிட் ஊத்திட்டாங்க!"

அதன் பிறகு அங்கே யாரும் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. புதிய பேருந்து நிழற்குடையின் தூணில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்தது. பூத்தட்டு ஏந்தி நின்ற பெண்கள் ஓடினார்கள். விழுந்தவர்களை மிதித்துக்கொண்டும் ஓடினார்கள். சாலையில் வந்த கண்டெய்னர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

நான் ஓடவில்லை. கால் நகரவில்லை, அவ்வளவுதான். அது ஆசிட் அல்ல என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அதை அறிந்திருந்தவர்கள் எங்கள் விடுதிப் பெண்கள் சிலர் மட்டுமே. அது முந்தைய நாளின் சாம்பார் சோறு.

அந்த மனிதர் விரல்களைச் சற்றே விலக்கி ஒரு கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். முகர்ந்தார். அவ்வளவுக்கும் ஆனது மிகச் சிறிய நேரம். அந்த நேரம் முழுவதும் அவர் தன் தோல் எரியத் தொடங்குவதற்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை நான் அருகில் நின்று பார்த்தேன். பதவி, கட்சி, வெள்ளைச் சட்டை எதுவும் அப்போது அவர் முகத்தில் இல்லை.

நீலக் கோட்டுகள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு நான் இந்தப் பகுதிக்கு வந்த கதை தெரியும். புதியவர்களுக்காக ஓரிரு வரிகள்: சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் நலன் அலுவலராகச் சேர்ந்தேன். விடுதியை நடத்தியது ஓர் ஒப்பந்த நிறுவனம். அங்கே இருந்தவர்களில் பாதிக்கு மேல் தென்மாவட்டத்துப் பெண்கள். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் "மேடம்" என்று தொடங்கியவர்கள் சில வாரங்களிலேயே "அக்கா" என்று மாறிவிட்டார்கள்.

முதல் ஷிப்ட் முடிந்து பேருந்திலிருந்து இறங்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒரே நீலக் கோட்டு. லாரிப் புழுதிக்குப் பயந்து கண் மட்டும் தெரியும்படி சுற்றிய துப்பட்டா. என்னாலேயே நடையை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும்.

பேச்சியம்மாளின் நடை தனி. முன்பாதத்தை ஊன்றி, ஓடத் தயாராக இருப்பவளைப் போல நடப்பாள். உண்மையில் அவள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உடல்தகுதித் தேர்வுக்காக, ஷிப்ட் இல்லாத காலைகளில் சிப்காட் சாலை ஓரமாக ஓடிப் பயிற்சி எடுத்தாள்.

"போலீசாயிட்டு மொத வேலயா இந்த மெஸ்ஸத்தாம்க்கா ரெய்டு பண்ணுவேன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த வேலைக்குத் தேர்வாகும் நேரத்தில் ஒருவர் மேல் ஒரு வழக்கு இருந்தால் போதும், வேலை கைநழுவிவிடும். இது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

சோற்றை எறிந்தவள் அவள்தான்.

சிவப்புப் பெட்டி

அவர்கள் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கையிலிருக்கும் உதிரிபாகத்தில் குறை தெரிந்தால் அந்தப் பெண் இடக்கையை உயர்த்த வேண்டும். பாகங்கள் நகர்ந்துவரும் லைன் நின்றுவிடும். லைன் லீடர் வந்து அந்தப் பாகத்தைத் தன் கையில் வாங்கிப் பார்த்து, சிவப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டு, சிவப்புப் பெட்டியில் வைப்பார். அதற்கு என்.ஜி. பெட்டி, அதாவது 'நாட் குட்' பெட்டி, என்று பெயர். குறையுள்ள பொருள் அதற்குள் போய்விட்டால் மறுபடி லைனுக்கு வரமுடியாது. அவர் வந்து கையில் வாங்கும்வரை உயர்த்திய கையை இறக்கக் கூடாது.

விடுதிச் சாப்பாடு மோசமாகத் தொடங்கியபோது இந்த வழக்கத்தையே அவர்கள் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பு மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா ஒன்று என்.ஜி. பெட்டியாயிற்று. சோற்றில் புழு கிடந்தால், சாம்பார் ஊசிப்போயிருந்தால், ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டு மூடி வைத்தார்கள். முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. சில பெண்கள் வாந்தியெடுத்து, ஒருத்தியை ஸ்ரீபெரும்புதூர் மருத்துவமனையில் சேர்த்த வாரத்திலிருந்து யாரும் சிரிக்கவில்லை.

டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள். நான் விடுதி மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்துகூடப் பார்க்காமல், "ஹோம் ஃபுட் மாதிரி எதிர்பாக்கக் கூடாதும்மா" என்றார். ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கும் போய்வந்தேன். வரவேற்பறை மேசையில் அந்த டப்பா ஒரு மணி நேரம் இருந்துவிட்டு என்னோடு திரும்பி வந்தது.

அப்போதுதான் சட்டமன்ற உறுப்பினர் வந்து புதிய பேருந்து நிழற்குடையைத் திறந்துவைக்கும் நாள் வந்தது. ஷிப்ட் முடிந்து வரும் பெண்களைக் கூட்டத்துக்காக அப்படியே வரிசையில் நிறுத்தும்படி மேலாளர் உத்தரவிட்டார். பெண்கள் மகிழ்ந்தார்கள். நேரில் வருகிறாரே, அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றார்கள். நானும் அது நல்ல வழி என்றே நினைத்தேன். மரியாதையாகப் பேசுங்கள், கோஷம் வேண்டாம், ஒருத்தி மட்டும் போய்க் கொடுங்கள் என்று சொன்னேன். பேச்சி தானே போவதாக முன்வந்தாள்.

மைக்செட்டுக்காரருக்கு விழுந்த அடி

இங்கே சற்று விலகிப் போக வேண்டியிருக்கிறது.

அரசியல்வாதி மேல் உணவுப் பொருளை எறிவது சரியா என்பது எனக்குப் புதிய விவாதம் அல்ல. கல்லூரியில் ஒரு பட்டிமன்றத்தில் சரியல்ல என்ற அணியில் பேசியிருக்கிறேன். பசித்த நாட்டில் உணவை வீணாக்கலாகாது என்றேன், கைதட்டினார்கள். எதிரணியில் பேசிய தோழி, கல்லைவிடத் தக்காளி மேல் என்றாள், அவளுக்கு அதிகமாகக் கைதட்டினார்கள். இருவருக்கும் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அந்த மேடையில் எங்களில் ஒருவர்கூட, எறியப்பட்ட பொருள் காற்றில் வந்துகொண்டிருக்கும்போது எதிரில் நிற்பவர் என்ன நினைப்பார் என்று கேட்கவில்லை.

அதைவிடப் பழைய நினைவு ஒன்றும் உண்டு. என் அப்பா மைக்செட் வைத்திருந்தார். தேர்தல் காலத்தில் எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். ஒரு கூட்டத்தில், பேசிக்கொண்டிருந்த வேட்பாளர் மேல் இருட்டிலிருந்து அழுகிய முட்டை ஒன்று வந்து விழுந்தது. எறிந்தவன் ஓடிவிட்டான். கட்சிக்காரர்கள் யாரையாவது அடித்தாக வேண்டிய நிலையில் இருந்தார்கள். மேடைக்கு மிக அருகில் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருந்த என் அப்பாவை அடித்தார்கள்.

உதடு வீங்கி வீட்டுக்கு வந்தவர், "எறிஞ்சவன் நல்லா குறி பாத்துத்தான் எறிஞ்சிருக்கான். அடிச்ச பயலுவதான் குறி தப்பிட்டானுவ" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அன்று இரவு காய்ச்சல் வந்தது. எறிந்தவனைத் தேடி வருகிற கோபம் வழியில் யாரையெல்லாம் தொடும் என்ற பயம் அன்றிலிருந்தே எனக்குள் இருக்கிறது.

"தலைவர் சாப்ட்டாரும்மா"

அவரை இங்கே தலைவர் என்றே குறிப்பிடுகிறேன். பெயரும் கட்சியும் இந்தக் கதைக்கு வேண்டாம்.

தாமதமாகத்தான் வந்தார். பட்டாசு வெடித்தது. நிழற்குடைக்கு நாடா வெட்டினார். பிறகு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துக் கும்பிட்டபடி நடந்துவந்தார். பேச்சி டப்பாவை வலக்கையில் வைத்துக்கொண்டு, லைனில் செய்வதைப் போலவே, இடக்கையை நேராக உயர்த்தினாள்.

தன்னைப் பார்த்துக் கையசைக்கிறாள் என்று அவர் நினைத்தார். சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார். அவரோடு வந்தவர்களும் அசைத்தார்கள். அவள் கையை இறக்கவில்லை. கை உயர்ந்தால் எல்லாம் நின்றுவிடும், பொறுப்பானவர் வந்து கையில் வாங்குவார் என்று பழகிய உடம்பு அது. தொழிற்சாலைக்கு வெளியே அந்த வழக்கம் ஒருவருக்கும் தெரியாது என்பதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

அவர் அருகில் வந்ததும் பேச்சி டப்பாவை நீட்டினாள்.

"சார், இது எங்க மெஸ் சாப்பாடு சார். நீங்களே பாருங்க."

பட்டாசுச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது. அவருடைய உதவியாளர் இடையில் கையை நீட்டி டப்பாவைத் தடுத்தார். "தலைவர் சாப்ட்டாரும்மா. வய்த்துல எடம் இல்ல" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தலைவர் அவளை மரியாதையில்லாமல் நடத்தவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்பாகவே அவள் தலையைத் தொட்டார். "ஒழச்சிட்டு வந்திருக்கீங்க. நீங்க சாப்புடுங்கம்மா, நல்லா சாப்புடுங்க" என்றார்.

பேச்சி மூடியைத் திறந்தாள். அவள் தோள் பின்னால் போவதை நான் பார்த்தேன். "பேச்சி" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

பிறகு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே

மாலைக்குள் அந்தக் காட்சி எல்லோருடைய கைபேசியிலும் வந்துவிட்டது. நீலக் கோட்டு தெரிந்தது, துப்பட்டா சுற்றிய தலை தெரிந்தது, வீசும் கை தெரிந்தது. முகம் தெரியவில்லை. ஆகவே நீலக் கோட்டு போட்ட எல்லோரும் எறிந்தவர்கள் ஆனார்கள்.

விடுதியின் காவலாளி கோதண்டம் பென்னலூர்க்காரர், டி.வி.எஸ். வண்டியில் வேலைக்கு வந்துபோகிறவர். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"மேடம், கீழ வராதீங்க. பசங்கள ஜன்னலாண்ட நிக்க வோணாம்னு சொல்லுங்க. பைக்ல வந்துகினே கீறானுங்க. அல்லாம் குடிச்சிட்டு வேற கீறானுங்க."

"போலீசுக்குச் சொல்லியாச்சாண்ணே?"

"சொன்னேன். வர்றேன்னாங்க. எப்பன்னு சொல்லல."

வெளியே வண்டிகளின் எஞ்சினை உறுமவிட்டு நிறுத்தி, மறுபடி உறுமவிட்டார்கள். கேட்டின் தகரத்தை யாரோ கட்டையால் தட்டினார்கள். ஒரு குரல் மற்ற குரல்களுக்கு மேலே எழுந்தது:

"எவடி அவ? வெளிய வாடி! சோத்துத் திமுரு ஏறிப்போச்சா ஒங்களுக்கு? இன்னிக்கு நாங்க எறியறோம் பாரு, இன்னா எறியறோம்னு பாரு!"

இன்னது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். படிக்கட்டில் அமர்ந்திருந்த பெண்கள் அனைவரும், நானும், அந்தச் சொல்லாத பொருளை அவரவர் மனத்தில் நிரப்பிக்கொண்டோம். ஒருத்தி எழுந்துபோய் வாளியில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் தளத்திலிருந்த வாளிகள் எல்லாமே நிரம்பியிருந்தன.

மதியம் தலைவர் முகத்தில் பார்த்தது இப்போது எங்கள் முகங்களில் இருந்தது.

மாடிப்படியில்

பேச்சி தன் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அறைத்தோழி ராஜேஸ்வரி, மதுரைப் பக்கத்துப் பெண், வாசலை மறித்துக்கொண்டு பேசினாள்.

"நீ எறிஞ்சுட்டு வந்து ஒக்காந்துக்கிட்ட. இப்ப அத்தன பேரும்ல சாகணும்? காலைல வேலைக்குப் போற பஸ்ஸ மறிச்சா என்னடி பண்ணுவ?"

"நானென்ன வேணும்னா எறிஞ்சேன்?"

"பின்ன கை தானாப் போச்சாக்கும்!"

"என்னையத் திங்கச் சொன்னாருட்டி" என்றாள் பேச்சி. "அந்தச் சோத்த என்னையே திங்கச் சொன்னாரு. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துட்டு."

ராஜேஸ்வரி வாசலை விட்டு உள்ளே வந்தாள். பிறகு, "அவருக்கு அது ஊசுன சோறுன்னு தெரியாதுல்ல" என்றாள். குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

"அதாம்ட்டி எனக்கும் இப்ப தோணுது." பேச்சி என் பக்கம் திரும்பினாள். "யக்கா, அந்த போலீசு அக்கா கண்ணுக்கு என்னாச்சு? பார்வ போயிருமா?"

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. வெளியே சத்தம் சற்று அடங்கியது, ஆட்கள் போகவில்லை. பெண் உதவி ஆய்வாளர் ஒருவரும், ஒரு கண் சிவந்து வீங்கிய பெண் காவலரும் உள்ளே வந்தார்கள். மதியம் அலறியவர் அவர்தான். சீருடையில் பெயர்ப்பட்டை இருந்தது: சாந்தி. சட்டையை மாற்ற நேரம் கிடைத்திருக்கவில்லை. தோளில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது.

கண் போகவில்லை. அது தெரிந்ததும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உதவி ஆய்வாளர் நேராகப் பேசினார். "நீங்க படிச்சவங்க. பக்கத்துலதான் நின்னுகிட்டிருந்தீங்க, வீடியோவுல தெரியுது. யாருன்னு பேர் சொல்லுங்க. இல்லன்னா நீலக் கோட்டு எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதா இருக்கும்."

பெயரைச் சொன்னால் பேச்சியின் காவலர் வேலை முடிந்தது. சொல்லாவிட்டால் அத்தனை பேரையும் அந்த வண்டிகளின் நடுவே நடத்திக் கூட்டிப்போவார்கள். நான் படித்த பாடங்கள் எதிலும் இதற்கு விடை இருந்ததாக நினைவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்:

"எனக்குத் தெரியும் மேடம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேரு என் வாயிலருந்து வராது. நானே பேசிக் கூட்டிட்டு வர்றேன். காலைல வரைக்கும் நேரம் குடுங்க."

"நான் குடுப்பேன். வெளிய நிக்கறவங்க குடுப்பாங்களா?"

மாடிப்படியில் அந்த நடை கேட்டது. நான் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. பேச்சி நீலக் கோட்டைக் கழற்றிவிட்டு, தலையில் எதுவும் சுற்றாமல் வந்து நின்றாள்.

"நாந்தான் மேடம் எறிஞ்சது. ஆசிட்டு இல்ல மேடம், சாம்பார் சோறு."

உதவி ஆய்வாளர் எதுவும் சொல்வதற்கு முன் சாந்தி பேசினார்.

"சாம்பார் சோறுன்னு எனக்கு இப்பத் தெரியும்மா. அப்பத் தெரியாதே. என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. இனிமே அத எந்தக் கண்ணால பாக்கப்போறேன்னுதான் நெனச்சேன்."

பேச்சி அழுதாள். சாந்தி தன் தோளை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னா நாத்தம்! இதயா தெனம் துன்றீங்க?"

"ஆமா மேடம்."

"எறியறதுக்கு முன்னாடி சோறுன்னு ஒரு வார்த்த கத்தியிருக்கலாமில்ல நீ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ராஜேஸ்வரியாக இருக்கலாம். அந்தச் சிரிப்பு எழுந்த வேகத்திலேயே நின்றுபோனது.

ஜீப்பில்

நானும் கூடப் போனேன். கோதண்டம் சங்கிலியை அவிழ்த்து, ஜீப் வெளியே போகும் அளவுக்கு மட்டும் கேட்டைத் திறந்தார். வெளிச்சத்தோடு கைபேசிகள் எங்களை நோக்கி உயர்ந்தன. ஜீப்பின் பக்கவாட்டில் உள்ளங்கைகளால் அறைந்தார்கள். நான் கண்களை மூடிக்கொண்டேன். ஏதாவது ஒன்று உள்ளே வந்து விழும், அது என்ன என்று விழுந்த பிறகுதான் தெரியும் என்று காத்திருந்தேன்.

திறந்து பார்த்தபோது, சாந்தி பேச்சியின் தலையைத் தன் மடியில் அழுத்திக் குனியவைத்து, அவள் முகம் எந்தக் கேமராவிலும் விழாதபடி இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டிருந்தார். அந்த மடியில் மதியத்துச் சோற்றின் பருக்கை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோக்களைக் கடந்து ஜீப் பிரதான சாலைக்கு ஏறும்வரை அந்தக் கைகள் அசையவில்லை.

காவல் நிலையத்தில் சாந்தி புகார் எழுதித் தர மறுத்துவிட்டார். தலைவரே வழக்கு வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னதாக உதவி ஆய்வாளர் கூறினார். அது எந்த அளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளூர்க் கட்சி நிர்வாகி ஒருவர் அதற்கு முன்பே எழுதிக்கொடுத்த புகார் மேசைமேல் இருந்தது. அதை அவர் திரும்பப் பெறவில்லை. வழக்குப் பதிவாயிற்று. பேச்சியை ஜாமீனில் அனுப்பினார்கள்.

எடை போட்டுப் பார்த்தால்

இதை எழுதும்போதும் எனக்குள் இரண்டு பக்கமும் பேசுகின்றன.

சோறு யாரையும் கொல்லாது, கல்லல்ல, கத்தியல்ல, அதிகாரத்தில் இருப்பவரின் வெள்ளைச் சட்டையில் ஒரு கறை படிந்தால் ஜனநாயகம் ஒன்றும் குறைந்துவிடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வந்தவளிடம் இனி எந்தக் கதவு இருந்தது என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை என்னால் எளிதில் ஒதுக்க முடியாது. அந்தச் சோறு சட்டையில் விழுந்த பிறகுதான் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எங்கள் சமையலறைக்கு வந்தார்கள்.

"எறியலன்னா வந்திருப்பாங்களாக்கா?" என்று ராஜேஸ்வரி பிற்பாடு கேட்டாள். வந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆனாலும் அந்தச் செயலை ஏற்க என்னால் முடியவில்லை. சோறு தீங்கற்றது என்பது விழுந்த பிறகு கிடைக்கும் தகவல். அதற்கு முன் எதிரில் நிற்பவருக்கு அது எதுவாகவும் இருக்கலாம். முகத்தில் ஊற்றப்படும் திரவத்துக்கு இந்தத் தேசத்துப் பெண்கள் எவ்வளவு பயந்திருக்கிறோம் என்பதை நாமே மறந்துவிட்டு, அந்தப் பயத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, சிரிக்கச் சொல்ல முடியாது. அந்தப் பயம் எறியப்பட்டவரோடு நிற்பதும் இல்லை. பக்கத்தில் நிற்கும் கண்ணுக்குப் போகிறது. ஓடும்போது விழுந்தவளுக்குப் போகிறது. மாலையில் கேட்டைத் தட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

பேச்சியை நான் குற்றம் சொல்லவில்லை. அவள் செய்ததை ஏற்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சுமப்பது சிரமம். ஒன்றை இறக்கி வைத்தால் மற்றது பொய்யாகிவிடும் என்பதால் சேர்த்தே சுமக்கிறேன்.

பிறகு

சமையல் ஒப்பந்தம் வேறு ஒருவருக்குப் போனது. சோறு இப்போது சுமாராக இருக்கிறது; யாருக்கும் வாந்தி வருவதில்லை. சிவப்பு மூடி டப்பாவை மேலாளர் தடைசெய்துவிட்டார்.

பேச்சி உடல்தகுதித் தேர்வுக்குப் போய் ஓடினாள், தேறினாள். சரிபார்ப்பின்போது வழக்கைக் காரணம் காட்டி அவளை நீக்கிவிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. தொழிற்சாலையிலும் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. குன்றத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

இந்தப் பக்கம் தலைவர்கள் யாராவது வரும் நாளில், அவர் திரும்பிப் போகும்வரை எங்கள் விடுதியில் சாப்பாடு பரிமாற மேலாளர் விடுவதில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.